ஆணி அடித்த தென்னை

வணக்கம். மொரீசியஸ் தமிழ் நேயர்களோடு தென்னை, பனை வகை மரங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மாஹேபூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மாமரம், ஒரு தென்னை. துணி காயப்போடக் கொடி கட்டுவதற்காகத் தாத்தா இரண்டிலும் ஆளுக்கொரு ஆணி அடித்தார். நான் பள்ளி முடிப்பதற்குள் மாமரம் தன் ஆணியை விழுங்கிவிட்டது, தடவிப் பார்த்தால் சின்ன மேடுதான் தெரியும். தென்னையில் ஆணி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, ஆனால் அந்த ஓட்டை அப்படியே இருந்தது, மழைத்தண்ணீர் அதில் இறங்க இறங்கச் சுற்றிலும் கறுத்து, கடைசியில் மரம் அந்த இடத்திலேயே முறிந்து விழுந்தது. தாத்தா ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லி வருந்தினார்.

காரணம் இதுதான். மாமரத்தில் பட்டைக்கு அடியில் வருடா வருடம் புதிதாக வளரும் அடுக்கு உண்டு, அது காயத்தை மூடிவிடும். தென்னைக்கும் பனைக்கும் அந்த அடுக்கே கிடையாது. காயம் பட்டால் பட்டதுதான், ஆறாது. ஏறுவதற்குக் கொத்திய படி, விளக்குக்கு அடித்த ஆணி, புல் வெட்டும் இயந்திரம் தூரில் போட்ட கீறல், எல்லாம் மரம் இருக்கும்வரை இருக்கும்.

இன்னொன்று, குருத்து. இந்த மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான், அது போனால் மரம் போச்சு. பால்மிஸ்த் சாலட் தட்டில் வருவது அந்தக் குருத்துதான், ஒரு குருத்துக்கு ஒரு மரம். தைப்பூசக் காவடிக்கும் கல்யாணத்துக்கும் தோரணம் கட்ட ஓலை வெட்டுகிறோம், வெட்டலாம், ஆனால் நடுக்குருத்தில் கத்தி வைக்காதீர்கள். புயல் காலத்துக்கு முன்னால் பச்சை மட்டையை எல்லாம் கழித்து மரத்தை மொட்டையாக்குகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. மரத்துக்குச் சோறு போடுவது அந்த மட்டைகள், குருத்தைக் காற்றிலிருந்து அணைத்துப் பிடிப்பதும் அவைதான். புயலுக்காகக் கழிப்பதென்றால் காய்ந்ததை மட்டும் எடுங்கள். பச்சையைத் தொடாதீர்கள்.

கியூர்பிப் தாவரவியல் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே கம்பிச் சட்டத்துக்குள் ஒல்லியாக நிற்கும் மரத்தைப் பார்த்தீர்களா? ஹயோபோர்பே அமரிகாலிஸ் என்று பெயர். உலகம் முழுவதிலும் அந்த இனத்தில் அது ஒன்றுதான் மிச்சம். ஆண் பூ முதலில் விரிந்து உதிர்ந்த பிறகுதான் பெண் பூ விரிகிறது, பக்கத்தில் துணை மரம் இல்லாததால் காய்ப்பதே அரிது. ஆய்வுக்கூடத்தில் விதைக் கருவிலிருந்து வளர்த்த கன்றுகளும் சோதனைக்குழாயை விட்டு வெளியே வந்ததும் பிழைக்கவில்லை. அந்த மரத்துக்கும் ஒரே குருத்துதான், நேயர்களே. நான் போகும்போதெல்லாம் முதலில் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பேன்.

ஆனால் மீட்கவும் முடியும். நம் நாட்டுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவில் மனிதர் கொண்டுவிட்ட ஆடும் முயலும் கன்றுகளைத் தின்று தீர்த்ததில் அங்கே அடிமரம் பாட்டில் போலப் பருத்த பாட்டில் பனை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தது. ஆடுகளை அகற்றினார்கள், 1986ல் முயல்களும் ஒழிந்தன, இப்போது அங்கே கன்றுகள் முளைக்கின்றன.

சரி, நேரம் முடிந்துவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஓலை விசிறி போலக் கத்தரித்தாற்போல் விரிந்தால் அது வந்திருக்கிறது. எருக்குழியிலும் மக்கிய மரத்துண்டிலும்தான் முட்டையிடும், அவற்றைத் தோட்டத்தில் விட்டுவைக்காதீர்கள். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணல் கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். நன்றி, வணக்கம்.