ஊருணிக்கரையும் ஒரு பீரியட்தான்: பட்டிமன்றத்துல நான் பேசினது

நடுவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். சிவன் கோயில் பொட்டல்ல பாய் விரிச்சு உக்காந்திருக்க ஆச்சிமாருக்கும் அண்ணன்மாருக்கும், பின்னாடி சைக்கிள் மேல ஏறி நின்னுக்கிட்டிருக்க என் ஸ்கூல் பசங்களுக்கும் பொங்கல் வாழ்த்து.

இன்னைக்குத் தலைப்பு, குடிமைக் கல்வியும் ஊர்ப்பணியும் பள்ளிக்கூடத்துல பாடமா வேணுமா, இல்ல வீட்டு வளர்ப்பே போதுமா. நான் வேணும்ங்கிற அணி. இருபது வருசமா சமூக அறிவியல் எடுக்குறேன், அதனால இத நான் வெறும் தலைப்பா எடுத்துக்கல, எனக்கு இது வயித்தெரிச்சல்.

எதிரணில வக்கீல் அண்ணன் ரொம்ப அழகா பேசினாங்க. நம்ம ஊர்ச் செட்டியார் வீடுகள்ல கல்யாணம் ஆன ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, கோயிலுக்குப் புள்ளி வரி குடுக்கணும், வியாபாரத்துல தர்மத்துக்குன்னு ஒரு பங்கு, மகமை, எடுத்து வெக்கணும், இதெல்லாம் எந்த வாத்தியார் சொல்லிக்குடுத்தாருன்னு கேட்டாங்க. நீங்கல்லாம் கை தட்டினீங்க, நானும் தட்டினேன், ஏன்னா அது உண்மை. புள்ளின்னு ஒரு கணக்கு வெச்சு, பணக்காரனோ இல்லாதவனோ நீயும் ஒரு ஆளு, உனக்கும் ஒரு பங்குன்னு சொன்னது சாதாரண விசயம் இல்லண்ணே. ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புள்ளிக் கணக்குல நம்ம தெருவக் கூட்டுற அக்கா வருவாங்களா? செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கு அவங்க வீட்டுல கடமை சொல்லித் தர்றாங்க, எங்க வீட்டுல எங்க குலதெய்வத்துக்கு வரி கட்டச் சொல்லித் தந்தாங்க, ஒவ்வொரு வீடும் தன் ஆளுகளுக்குச் செய்யத்தான் சொல்லித் தருது. ஆனா ரோடு, தண்ணிக் குழா, ரேசன் கடை, ஊருணி இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் பொது. எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சுல உக்கார்ற எடம் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அது பள்ளிக்கூடம். பொது விசயத்தப் பொது எடத்துல வெச்சுத்தான சொல்லித்தர முடியும்?

அடுத்து அண்ணன் அழகப்பச் செட்டியார இழுத்தாங்க. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தாரு, 1948 ஜூலைல நேருவே வந்து அடிக்கல் நாட்டினாரு, அவருக்கு எந்த ஸ்கூல்ல சர்வீஸ் லேர்னிங், அதான் ஊர்ப்பணி வழியா படிக்கிற படிப்பு, நடத்துனாங்கன்னு கேட்டாங்க. அண்ணே, வீட்டு வளர்ப்பே போதும்னு அவர் நெனச்சிருந்தா எதுக்குண்ணே பள்ளிக்கூடம் காலேஜுன்னு இருந்த சொத்தெல்லாம் கொட்டினாரு? நீங்க கூப்பிட்ட சாட்சி எங்க பக்கம்தான் பேசுது.

சரி, பாடப் புத்தகத்துல ஏற்கெனவே இருக்கே, திரும்ப எதுக்குன்னு எதிரணித் தங்கச்சி கேட்டுச்சு. இருக்குமா, இல்லைங்கல. பத்தாவதுல வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நாலும் சேந்து 100 மார்க்கு. அதுல குடிமையியல எப்படி நடத்துறோம்னு என்னையே கேளுங்க, டிசம்பர்ல போர்சன் முடிக்கணும்னு ஓட்டமா ஓடி, முக்கியமான கேள்விக்கு மட்டும் ஸ்டார் போட்டு விட்டிருக்கேன், பல வருசம் நானும் அப்படித்தான் செஞ்சேன், இப்ப நெனச்சா மனசு குத்துது. பஞ்சாயத்துக்கான 73வது சட்டத் திருத்தம் எப்ப நடைமுறைக்கு வந்துச்சுன்னு கேட்டா 1993 ஏப்ரல் 24னு பட்டுன்னு சொல்ற பிள்ள, ஊராட்சி ஆபீஸ் வாசப்படிய மிதிச்சதே இல்ல. கிராம சபைன்னா ஏதோ டெல்லில நடக்குதுன்னு நெனச்ச பையன் என் கிளாஸ்ல இருந்தான் ஐயா. நம்ம மாநிலத்துல வருசத்துக்கு ஆறு நாளு, குடியரசு தினம், மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இத்தன வாட்டி கூடுற சபை, அவன் தெருவுக்கு அடுத்த தெருவுல!

இப்ப என் கிளாஸ்ல நடந்ததச் சொல்றேன், அதுக்குத்தான் மேடைக்கே வந்தேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி, ஒம்பதாவது, 31 பேரு. அந்த வருசம் ஐப்பசி கார்த்திகைல நல்ல மழை, ஆனா ஊருணி பெருகல, கால்வாசி கூட இல்ல. ஒரு பொண்ணு கேட்டுச்சு, டீச்சர் மழ பெஞ்சும் ஏன் தண்ணி வரலைன்னு. புத்தகத்துல பதில் இல்ல, எனக்கும் தெரியல. ஒரு சனிக்கிழம, வீட்டுல எழுதி வாங்கிக்கிட்டு, பிடி சாரையும் ரெண்டு அப்பாமாரையும் தொணைக்கு வெச்சுக்கிட்டு, ஊருணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால் வழியாவே செம்மண் மேடு வரைக்கும் நடந்தோம். தண்ணி பக்கம் ஒரு பிள்ளையையும் எறங்க விடல, அத முதல்லயே சொல்லிடுறேன்.

மூணு எடத்துல அடைப்பு. ஒண்ணு சீமைக்கருவேலம், கால்வாயே தெரியாத அளவுக்கு. ரெண்டாவது ரோட்டுக்கு அடில போற குழாய், பால் பாக்கெட்டு, கேரிபேக்குன்னு திணிச்சு வெச்ச மாதிரி. மூணாவது, வீடு இடிச்ச செங்கல் காரையெல்லாம் ஒருத்தர் கால்வாய்லயே கொட்டி மேடாக்கி வெச்சிருந்தாரு. அந்த ஒருத்தர் யாருன்னா, கூட வந்த பையன் ஒருத்தனோட அப்பா. பிள்ளைகளுக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு. அந்தப் பையன் மூஞ்சிய நான் பாத்தேன், அடுத்த ரெண்டு நாளு அவன் ஸ்கூலுக்கே வரல.

இந்த எடத்துலதான் ஐயா, சிரமதானத்துக்கும் சர்வீஸ் லேர்னிங்குக்கும் வித்தியாசம் வருது. சிரமதானம்னா போனோம், வெட்டினோம், போட்டோ எடுத்தோம், டீ குடிச்சோம், முடிஞ்சுச்சு. நாங்க கேக்குறது, ஊர்ப் பிரச்சனை ஒண்ண எடுத்து, அதப் பத்தி முதல்ல படிச்சு, எறங்கி முடிஞ்சதச் செஞ்சு, அப்புறம் கிளாஸ்ல உக்காந்து ஏன் இப்படி ஆச்சுன்னு பேசி எழுதுறது. அந்தக் கடைசிப் பேச்சுதான் பாடமே. மூணாவது நாளு அந்தப் பையன் வந்தான். நான் யார் பேரையும் எடுக்கல, குப்பையும் காரையும் ஏன் அங்க போச்சுன்னு மட்டும் எழுதுங்கன்னேன். ஒரு பொண்ணு எந்திரிச்சு வாசிச்சுச்சு, எங்க வீட்டுப் பால் பாக்கெட்டும் அந்தக் குழாய்லதான் இருக்கும் டீச்சர், எங்க தெருவுக்குக் குப்பை வண்டி வர்றதே இல்ல, எங்கம்மா வேற எங்க போடுவாங்கன்னு. அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. காரையக் கொட்ட வேற எடம் ஊர்ல எங்க இருக்குன்னு ஒருத்தன் கேட்டான், அவன் கேட்டதும் நியாயம்தான். குத்தவாளியத் தேடிப் போன பிள்ளைங்க, கடைசில ஒரு ஏற்பாடே இல்லங்கிறதக் கண்டுபிடிச்சாங்க. இத நான் கரும்பலகைல எழுதிப் போட்டிருந்தா ஒரு பிள்ளைக்கும் ஒறைச்சிருக்காது.

அன்னைக்கே அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 15ஐ முழுசா வாசிக்க வெச்சேன். புத்தகத்துல பாகுபாடு கூடாதுன்னு ஒத்த வரிதான் மனப்பாடம் பண்ணுவாங்க. ஆனா சட்டத்துல கிணறு, குளம், படித்துறை, சாலைன்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு, அதுல யாரையும் தடுக்கக் கூடாதுன்னு. படித்துறைன்னு டெல்லில உக்காந்து எதுக்கு எழுதினாங்கன்னு பிள்ளைங்க கேட்டாங்க. வீட்டுல போயி உங்க அப்பத்தாகிட்ட, ஆயாகிட்ட கேளுங்கன்னேன். கேட்டாங்க. எந்தப் படில யார் எறங்கலாம், யார் கரையில நின்னு யாராச்சும் ஊத்துவாங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு கதை கதையா கொண்டுவந்தாங்க. ஒரு பையன் நோட்டுல ஒத்த வரிதான் இருந்துச்சு, எங்க அப்பத்தா அழுதுருச்சுன்னு. அதுக்கு மேல அவன் எழுதல, நானும் கேக்கல. வக்கீல் அண்ணே, ஊர் உண்ணுற தண்ணி ஊருணின்னு நாம பெருமையா சொல்றோம், அந்த ஊருங்கிறதுக்குள்ள யார் யாரெல்லாம் இருந்தாங்கன்னு எந்த வீட்டுலண்ணே உக்காந்து பேசுவாங்க?

அப்புறம் ஊருணியோட எல்லை எதுவரைக்கும்னு வரைபடம் பாக்க ஒரு ஆபீசுக்குப் போனோம். இன்னைக்கு வா, நாளைக்கு வான்னு மூணு தடவ. நம்ம ஊர் மேப்ப நாம பாக்க முடியாதா டீச்சர்னு பிள்ளைங்க கேட்டப்ப எனக்கு வெக்கமா போச்சு. தகவல் உரிமைச் சட்டம் 2005, 10 ரூபா கட்டணம், 30 நாளைக்குள்ள பதில், இது அத்தனையும் நான் நடத்தின பாடம், ஆனா நானே ஒரு மனு போட்டதில்ல. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒரு அம்மா கையெழுத்துல அனுப்பினோம், நகல் தபால்ல வந்துச்சு. அந்தக் கவர யாரு பிரிக்கிறதுன்னு கிளாஸ்ல ஒரே அடிதடி.

ஜனவரி 26 கிராம சபை. வாக்காளர் பட்டியல்ல பேர் உள்ளவங்கதான் அதுல உறுப்பினர், பிள்ளைங்க பேச முடியாதுன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதனால படித்துறைக் கதை சொன்ன அதே அப்பத்தாகிட்ட மனுவக் குடுத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கி விட்டாங்க. மொத்த மனுவுல யார் பேரும் இல்ல, மூணு எடமும் அளவும் மட்டும். ஒரு மாசத்துல ரோட்டுக் குழாயச் சுத்தம் பண்ணிட்டாங்க. கருவேலம் பாதிதான் வெட்டியிருக்கு, மீதி இன்னைக்கும் நிக்குது, அத மறைக்க மாட்டேன். அந்தக் காரை மேடு மட்டும் ஒரு நா ராத்திரி டிராக்டர்ல போயிருச்சு, யார் அள்ளினதுன்னு யாரும் கேக்கல.

எதிரணில ஒரு கேள்வி நியாயமானது, அதுக்குப் பதில் சொல்லாம போனா நான் வாத்தியாரே இல்ல. ஊர்ப்பணின்னு சொல்லி பிள்ளைங்கள வேல வாங்குவாங்களே, கக்கூஸ் கழுவ விடுவாங்களேன்னு. அதுலயும் யார் வீட்டுப் பிள்ளையத் தேடிப் பாத்து அந்த வேலைக்கு விடுவாங்கன்னு நமக்கெல்லாம் தெரியும். அது ஊர்ப்பணி இல்ல, அது கொடும, அப்படி ஒரு பிள்ள கைல தொடப்பம் குடுத்தா முதல் ஆளா நான் எதுத்து நிப்பேன். சம்பளம் வாங்குற ஆள் செய்ய வேண்டிய வேலைய பிள்ள செய்யக்கூடாது. அந்த ஆள் ஏன் வரல, எத்தன பேர் வேணும், எத்தன பேர் இருக்காங்கன்னு கேக்கப் பழகணும், நாங்க கேக்குறது அத.

வெளிநாட்டுச் சரக்குன்னும் சொன்னாங்க. அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்துல பள்ளிப் படிப்பு முடிக்க 75 மணி நேரம் ஊர்ப்பணி கட்டாயம்னு 1990கள்லயே கொண்டுவந்தாங்க, வாஸ்தவம். ஆனா 1937ல வார்தால காந்தி சொன்ன, கைத்தொழிலோட சேத்துப் படிக்கிற ஆதாரக் கல்வி எந்த நாட்டுச் சரக்கு? அவர் நூற்றாண்டுல, 1969 செப்டம்பர் 24 தொடங்கினதுதான என்எஸ்எஸ், நாட்டு நலப்பணித் திட்டம்? அந்தக் கேம்ப்ப இன்னைக்கும் அறுபது வயசுக்காரங்க சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. என்ன கொறைன்னா, ஸ்கூல்ல அது பிளஸ் ஒன் பிளஸ் டூக்குத்தான், அதுலயும் கொஞ்சம் பேருக்குத்தான் எடம். அவ்வளவு தூரம் எதுக்கு, இதோ இருக்கு குன்றக்குடி. இதே மாதிரி பட்டிமன்ற மேடைகள்ல நடுவரா உக்காந்த குன்றக்குடி மடத்து அடிகளார்தான், சிக்ரி விஞ்ஞானிகளையும் சேத்துக்கிட்டு ஊருக்கே திட்டம் போட்டுத் தொழில் கொண்டாந்தாரு. மேடையும் ஊர் வேலையும் அவருக்கு வேற வேறயா இருக்கல.

மார்க்கு போயிரும்னு பயப்படுற பெத்தவங்களுக்கு, எனக்கும் ஒரு பிள்ள இருக்கு, பயம் புரியுது. அதனாலதான் இதுக்கு மார்க்கே வேணாங்கிறேன். மார்க் வெச்சா அடுத்த வாரமே கடைல ரெடிமேடா புராஜெக்ட் தொங்கும். ஆறாவதுலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு பீரியட் குடுங்க, ஆளுக்கு ஒரு நோட்டு குடுங்க, அந்தப் பீரியட கணக்கு சாரும் சயின்ஸ் மிஸ்ஸும் கடன் கேக்காம இருக்கட்டும், போதும். 21 வயசா இருந்த ஓட்ட 18 ஆக்கினோம் 61வது திருத்தத்துல. பிளஸ் டூ முடிச்ச கையோட விரல்ல மை வைக்கப் போற பிள்ள, அதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் தன் ஊர் கால்வாய நடந்து பாத்திருக்க வேணாமா?

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒரே நிமிசம். ரெண்டு நாளு ஸ்கூலுக்கு வராம இருந்தானே, அந்தப் பையன் இப்ப பிளஸ் டூ. ஒவ்வொரு மழைக்கும் ஊருணிப் படிய எண்ணிட்டு வந்து என்கிட்ட சொல்லுவான், நான் கேக்குறதே இல்ல, அவனா வந்து சொல்லுவான். போன மாசம் மழ விட்ட அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினான். டீச்சர், பதினோரு படில மேல நாலுதான் தெரியுது, எங்கப்பாவும் கூடத்தான் நிக்கிறாங்கன்னான்.

வணக்கம்.