வீட்டுத் தோட்டத்தில் புளூபெல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் நடுப்பகுதி தொடங்கி மே மாதம் வரை இங்கிலாந்தின் காட்டுத் தரையை நீலமாக்கும் புளூபெல் செடியைக் கிழக்கு இலண்டனில் வசிப்பவர்கள் வான்ஸ்டெட் பூங்காவிலும், மேற்கே வசிப்பவர்கள் கியூ தாவரவியல் பூங்காவிலும் பார்த்திருப்பீர்கள். உலகிலுள்ள புளூபெல்களில் ஏறத்தாழப் பாதி ஐக்கிய இராச்சியத்தில்தான் வளர்கின்றன என்று கணிக்கப்படுகிறது. அந்தச் செடிக்கு நம் வீட்டின் பின்புறத்தில் இடம் கொடுக்க விரும்புகிறவர்கள், மண்ணைத் தொடும் முன்பே, எந்தக் கிழங்கை வாங்குகிறோம் என்பதில் கவனமாக இருக்கவேண்டும்.

கடைகளிலும் பழைய தோட்டங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது ஸ்பானிய புளூபெல்லும் அதன் கலப்பினமுமே. நாட்டு வகையின் பூந்தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பூக்கள் அப்பக்கத்திலேயே தொங்கும். இதழ் நுனிகள் நன்றாகப் பின்னே சுருண்டிருக்கும். மகரந்தம் பாலேட்டின் நிறத்திலும் மணம் இனிமையாகவும் இருக்கும். ஸ்பானிய வகையோ நிமிர்ந்து நிற்கும், தண்டைச் சுற்றிலும் பூக்கும், இலை அகன்றிருக்கும், மகரந்தம் பெரும்பாலும் நீலமாக இருக்கும், மணமும் அவ்வளவாக இராது. இரண்டும் எளிதில் கலந்துவிடுவதால், காட்டை ஒட்டிய வீடுகளில் ஸ்பானிய வகையை நடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்காகக் காட்டில் தோண்டி எடுத்து வரலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவதை 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டம் தடைசெய்கிறது. காட்டுப் புளூபெல் கிழங்குகளை விற்பதும் 1998 முதல் குற்றமாகும். பண்ணையில் விதையிலிருந்து வளர்த்த நாட்டு வகைதானா என்று விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

இலையுதிர்காலத்தில், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்திலும் அதே அளவு இடைவெளியிலும் கிழங்குகளை நடலாம். வெங்காயத்துக்கு இருப்பது போன்ற காய்ந்த மேல்தோல் இதற்கு இல்லாததால் விரைவில் உலர்ந்துவிடும். வாங்கி வந்தவுடன் நட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் மரம் ஒன்றின் அடியே சிறந்த இடம், ஏனென்றால் மேலே இலைகள் அடர்ந்து நிழல் மூடுவதற்கு முன் கிடைக்கும் வெயிலில்தான் இச்செடி தன் ஆண்டு வேலை முழுவதையும் முடித்துக்கொள்கிறது. மட்கிய இலைகளை மேலே பரப்புவது போதும். வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகள் மண்ணிலுள்ள பாஸ்பரசைச் செடிக்குச் சேர்த்துத் தருவதால், செயற்கை உரத்தைக் கொட்டத் தேவையில்லை.

பூ உதிர்ந்த பின் இலைகள் சாய்ந்து அலங்கோலமாகத் தெரியும். அப்போது பலரும் அவற்றை அறுத்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை இலைகள் கிழங்கில் சேர்க்கும் காலம் அதுதான், ஆகையால் தாமாக மஞ்சளாகி வாடும்வரை விட்டுவிடுங்கள். மிதிபட்ட இலையும் கிழங்குக்கு உதவாது. வான்ஸ்டெட்டில் பாதைகளின் ஓரமெல்லாம் மரக்கட்டைகளை வைத்து மக்களை வழிநடத்துவதும் இதனால்தான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. புளூபெல் செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. வெள்ளைக் கிழங்கைச் சின்ன வெங்காயம் என்று எண்ணிவிட வாய்ப்புள்ளதால், கீரையும் வெங்காயமும் பயிரிடும் பாத்தியின் அருகே நடாதீர்கள். நட வைத்திருக்கும் கிழங்குகளைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

விதையிலிருந்து வளர்க்க விரும்பினால், கோடையில் கறுத்து முதிர்ந்த விதைகளை அப்பொழுதே தூவிவிடுங்கள். முதல் பூவுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் சிறு கிழங்குகள் தம் சுருங்கும் வேர்களால் ஆண்டுதோறும் தம்மைத் தாமே மண்ணுக்குள் ஆழமாக இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்த இடத்தை இடையில் கொத்திக் கிளறாமல் இருந்தாலே போதும்.

நன்றி, வணக்கம்.