விளக்கை அணைத்தபின் லாவெண்டரும் கறுப்புதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'படுக்கையறையின் நிம்மதிக்கு முதல் செலவு அலங்காரத்துக்கா, காற்றுக்கும் இருளுக்குமா?' என்பது தலைப்பு. காற்றுக்கும் இருளுக்கும்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி லாவெண்டர் சுவர், ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்திருக்கும் எல்இடி பட்டை என்று ஓர் அறையையே கண்முன் நிறுத்தினார். "கண் குளிர்ந்தால் மனம் குளிரும்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் அம்மா, அது வரவேற்பறைக்கான வசனம். படுக்கையறையில் பெரும்பாலான நேரம் நாம் கண்ணை மூடிக்கொண்டுதானே கிடக்கிறோம்? விளக்கை அணைத்தபின் லாவெண்டரும் கறுப்புதான், வெறும் சுண்ணாம்பும் கறுப்புதான்.

சென்னையில் ஒரு மேல்மாடி வீடு, மே மாதம், இரவு பத்து மணி. வெயில் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. ஆனால் பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் தளம் அப்போதுதான் அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும். தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும்; மேலேயிருந்து தளம் காய்ச்சினால் எங்கே இறங்கும்? இதில் கட்டிலின் தலைமாட்டை, மாலை வெயில் வாங்கிச் சுடும் மேற்குச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதற்கு வெல்வெட் மெத்தையும் அடித்து வைக்கிறோம். அந்தச் சுவரில் பீரோவை நிறுத்திக் கட்டிலை எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள், செலவே இல்லை. மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே 'கூல் ரூஃப்' கொள்கை கொண்டுவந்தது. கூரைக்கு வெள்ளையடிப்பது அரசாங்க விவகாரம் ஆகிவிட்டது, நாம் இன்னும் சுவருக்குக் கலர் கார்டு புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஃபால்ஸ் சீலிங்குக்கு வருவோம். அது சூட்டைக் கொஞ்சம் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பத்தடி உயர அறையில் அதை இறக்கிவிட்டு, மின்விசிறியை அதன் வயிற்றோடு ஒட்டி மாட்டுகிறார்கள். மேலேயிருந்து இழுக்கக் காற்று இல்லாமல் விசிறி சும்மா சுற்றுகிறது. போதாக்குறைக்கு இறக்கைக்கு நேர் மேலே ஒரு டவுன்லைட். போட்டதும் இறக்கையின் நிழல் சுவரெல்லாம் படபடவென்று ஓடும். ஐந்து நிமிடம் பார்த்தால் தலைவலி நிச்சயம். டிசைனரின் படத்தில் இது தெரியாது. படத்தில் விசிறி சுற்றுவதில்லையே!

அப்புறம் வெளிச்சம். நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்கு நேரம் சொல்வதில் முதலிடம் வெளிச்சத்துக்குத்தான். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. இரவில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கைப் போட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு, அதுவும் மங்கலாக, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று போதும். அதையும் அணைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். ஸ்டெபிலைசரில் சிவப்பு எண், மோடத்தில் நீலப் புள்ளி, செட்டாப் பாக்ஸில் பச்சை. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டினால் வேலை முடிந்தது.

"திரைச்சீலை அலங்காரம்தானே?" என்று எதிரணித் தம்பி குறுக்கே கேட்டார். நல்ல கேள்வி. கடையில் பூ டிசைனைப் பார்த்து வாங்கினால் அது உங்கள் அணி. துணியைக் கடை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து வாங்கினால் எங்கள் அணி.

சத்தமும் இருக்கிறது. இரவில் படுக்கையறைக்குள் தொடர்ந்து 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. ரோட்டுப் பக்க ஜன்னலைத் திறந்தால் ஹாரன், மூடினால் புழுக்கம். வால்பேப்பரிடம் இதற்குப் பதில் உண்டா? பின்பக்க அறையைத் தூங்குவதற்கு ஒதுக்கு, கதவுக்கு மேலே அந்தக் காலத்து வெண்டிலேட்டரைத் திரும்ப வை என்று நாங்கள் சொல்வோம். உள்ளே வரும் காற்றுக்கு வெளியேற வழி வேண்டுமல்லவா?

"அதற்குத்தான் ஏசி இருக்கிறதே" என்பீர்கள். இருக்கட்டும். 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள், போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது இந்தியாவில் விதி. மேலே தளம் அடுப்பாகக் காய்ந்தால் அந்த 24-ஐ எட்டவே கம்ப்ரஸர் மூச்சு வாங்கும், மின்கட்டணம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

நடுவர் மணி அடித்துவிட்டார். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி: கையில் ஒரு லட்சம் கொடுத்தால், முதல் ரூபாயை எங்கே செலவழிப்பீர்கள்? அதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நாங்கள் மொட்டை மாடியில் செலவழிப்போம்.

நன்றி, வணக்கம்.