உடுப்பும் குரலும் சொல்லாதது

நேயர்களுக்கு வணக்கம். ஆண், பெண் என்று ஏதாவது ஒன்றில் மட்டும் தன்னை அடக்கிக்கொள்ள முடியாதவர்களைப் பற்றி இன்று பேசுகிறேன். இரண்டு பாலினம் தன்னுள் இருப்பதாக உணர்பவரை பைஜெண்டர் என்கிறோம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், சிலருக்கு மாறி மாறி வரும். பாலின உணர்வு நிலையாக நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் ஜெண்டர்ஃப்ளூயிட். சிலருக்கு ஒரே நாளில் நகரும், சிலருக்கு மாதக்கணக்கில். தேதி பார்த்து வருவதில்லை.

இதைச் சொன்னதும் கேட்பவர் மனதில் ஒரு படம் ஓடும். திங்கட்கிழமை பேன்ட் சட்டை, செவ்வாய்க்கிழமை பாவாடை லிப்ஸ்டிக், சரிபாதி. அந்தப் படத்தைத்தான் இன்று கொஞ்சம் கலைத்துப் பார்க்கப்போகிறேன்.

இதில் மூன்று சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. தான் யார் என்று உள்ளுக்குள் உணர்வது பாலின அடையாளம். உடை, முடி, குரல், நடை வழியாக வெளியே தெரிவது பாலின வெளிப்பாடு. அதைப் பார்த்து எதிரில் இருப்பவர் கட்டும் கணக்கு மூன்றாவது. முதலாவது மாறினால் இரண்டாவதும் மாறியே தீரவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பெண் என்ற உணர்வு மேலோங்கிய நாளில் ஒருவர் மீசையோடும் கசங்கிய டீ சர்ட்டோடும் வேலைக்குப் போவார். பெரிய காரணம் ஒன்றும் இருக்காது. மீசையை எடுத்தால் திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும், உணர்வு அதுவரை காத்திருக்காது. அல்லது போகிற இடம் பாதுகாப்பில்லாததாக இருக்கலாம். அல்லது அவருக்கு அந்த டீ சர்ட் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆண்மை கூடினால் பெண்மை குறையும் என்ற நினைப்பு நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. சாண்ட்ரா பெம் என்ற உளவியலாளர் 1974-ல் ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். மொத்தம் 60 குணங்கள். சமூகம் ஆணுக்கு உரியது என்று சொல்லும் 20, பெண்ணுக்கு உரியது என்று சொல்லும் 20, பொதுவானவை 20. இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண். ஒருவர் இரண்டிலும் அதிகம் வாங்கலாம், இரண்டிலும் குறைவாகவும் வாங்கலாம். அது குணத்தைப் பற்றிய கணக்கு, அடையாளத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும் என்ற நினைப்பை அது உடைத்தது.

சரி, அப்படியானால் பலர் ஏன் பளிச்சென்று மேக்கப், ஹீல்ஸ் என்று போகிறார்கள்? பார்ப்பவர் கண் கணநேரத்தில் இரண்டில் ஒன்றாக ஆளைப் போட்டுவிடுகிறது. தாடி நிழலும் தோள் அகலமும் ஒரு பக்கம் இழுக்கும்போது சின்னக் கம்மல் எடுபடாது. அணிபவரின் இடப்பக்கம் பொத்தான் தைத்திருந்தால் பெண்கள் சட்டை, வலப்பக்கம் என்றால் ஆண்கள் சட்டை. தையல் தெரிந்தவரைத் தவிர யார் கவனிக்கிறார்கள்? மெல்லிய அடையாளம் எட்டாதபோது உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரக்கச் சொன்னால் "பெண் என்றால் லிப்ஸ்டிக்தானா" என்று ஒரு அதட்டல். சொல்லாவிட்டால் "அப்புறம் என்ன பெண்" என்று இன்னொன்று. பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வாழ்பவர் அதே லிப்ஸ்டிக்கைப் போட்டால் இந்த விசாரணை எதுவும் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

நடுவழியும் உண்டு. தோள் அகலம் உறுத்தினால், தோளில் தையல் விழாத ராக்லன் கை வைத்த மேற்சட்டை விளிம்பை மங்கலாக்கும். சின்ன அளவு எடுத்துத் தையல் தோளெலும்புக்கு உள்ளே விழுந்தால் அகலம் இன்னும் தூக்கலாகத் தெரியும். நாள் நடுவில் உணர்வு மாறுகிறவர்களுக்கு, சாதாரண உள்சட்டைமேல் பொத்தான் போடாத இன்னொரு சட்டை வசதி. கழற்றினால் ஒரு தோற்றம், பூட்டினால் இன்னொன்று.

இப்போது குரல். வானொலியில் இதைப் பேசாமல் விடமுடியுமா? சற்று நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண் குரல் தாழ்வு, பெண் குரல் உயர்வு, சுருதியை ஏற்றினால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்த ஆண்களின் பேச்சு சராசரியாக 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 அதிர்வு, ஒட்டியும், பெண்களின் பேச்சு 200 ஒட்டியும் இருக்கும், உண்மைதான். ஆனால் பழைய தரைவழித் தொலைபேசி 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதாவது அந்த 120-ம் 200-ம் கம்பி வழியே வருவதே இல்லை! மேலே உள்ள ஒலிகளின் இடைவெளியை வைத்துக் காது சுருதியைத் தானே கட்டிக்கொள்கிறது. அதோடு தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் நீளமும் காதுக்குத் தெரிகிறது. ஆண்களுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர், பெண்களுக்கு இரண்டு மூன்று குறைவு. அந்த நீளம் தரும் ஒலியதிர்வும் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. அதை விட்டுச் சுருதியை மட்டும் ஏற்றினால் கீச்சுக்குரல்தான் மிஞ்சும், தொண்டையும் இறுகும்.

அதனால் கிசுகிசுப்பில் தொடங்குங்கள். கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிராது, குழாயின் ஒலி மட்டும் கேட்கும். "ஆ" என்று கிசுகிசுத்தபடியே நாக்கின் முன்பகுதியை மெல்ல உயர்த்துங்கள். ஒலி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குரலைச் சேருங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். கரகரப்போ வலியோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு இதில் ஒரு நன்மை: பயிற்சியால் வரும் குரல் பழைய குரலை அழிக்காது, வேண்டும்போது திரும்பலாம். மருந்து அப்படியல்ல. ஆண்களுக்கு அதிகம் சுரக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குரல்நாணைத் தடிப்பாக்கும், நிறுத்தினாலும் குரல் பழையபடி ஆகாது. பெண்களுக்கு அதிகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனோ, ஏற்கெனவே உடைந்த குரலை உயர்த்தாது. இதைத் தெரிந்துகொண்டுதான் மருத்துவரிடம் பேச வேண்டும். திரும்பச் சொல்கிறேன்: பயிற்சியிலிருந்து திரும்பலாம், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து குரல் திரும்பாது.

மார்பைத் தட்டையாக்கும் பைண்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் கூடவே கூடாது. மார்பையும் தோளையும் டேப் வைத்து அளந்து வாங்குங்கள். ஒரு அளவு சிறிதாக எடுத்தால் இன்னும் தட்டையாகும் என்பது தவறு, விலா எலும்புதான் அடிவாங்கும். போட்டபின் மூச்சை முழுதாக இழுக்க முடியாவிட்டால் அது உங்கள் அளவே இல்லை. சுளுக்குக்குச் சுற்றும் மீள்துணியைச் சுற்றாதீர்கள். அசைய அசைய இறுகும், அழுத்தம் ஒரே சீராகவும் இருக்காது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மார்பைக் கட்டும் சுமார் 1,800 பேரில் 97 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஏதாவது ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னவை முதுகுவலி, உடல்சூடு, நெஞ்சுவலி. வாரத்தில் எத்தனை நாள் கட்டுகிறோம் என்பதோடுதான் தொந்தரவு அதிகம் ஒட்டிவந்தது. பாருங்கள், "நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரியா" என்ற கேள்விக்குப் பயந்து, தேவைப்படாத நாளிலும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பவருக்கு அது வெறும் கேள்வி, இவருக்கு முதுகுவலி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. விண்ணப்பப் படிவங்களில் உள்ள பாலினக் கட்டம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், இன்று முடியாது. கூட இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எப்படிக் கூப்பிடுவது என்று உடுப்பைப் பார்த்துக் கணிக்காதீர்கள். தனியாக இருக்கும்போது அவரிடமே கேளுங்கள், நாலு பேர் நடுவில் வேண்டாம். தெரியும்வரை "அவர்" என்றே சொல்லிவாருங்கள். இன்னொன்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்: எங்கெல்லாம் அப்படிக் கூப்பிடலாம், எங்கே கூடாது. வீட்டில் சொல்லியிருப்பார், வேலையிடத்தில் சொல்லியிருக்கமாட்டார். நன்றி, வணக்கம்.