அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

[காட்சி: கடலூர்–புதுச்சேரி சாலை, இரவு. 108 ஆம்புலன்ஸ்.]

வணக்கம். நிறைமாதப் பெண் ஒருத்தி "இன்றைக்குக் குழந்தை சரியாக அசையவில்லை" என்று சொன்னால், நம் வீடுகளில் முதலில் வரும் பதில், "சூடாக இருக்கும், சீரகத் தண்ணி குடி." காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறோம். அந்த ஓர் இரவைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[படம்: நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி]

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி வழியாகத்தான் போகிறது. அது குறைந்தால், குழந்தை அசைவைக் குறைத்துக்கொண்டு, இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கிறது. வெறும் தூக்கமாகவும் இருக்கலாம். ஆனால் எது என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. இதயத்துடிப்பைப் பார்த்தால்தான் தெரியும். 28 வாரத்துக்குப் பிறகு வழக்கத்தைவிட அசைவு குறைந்தால், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டுவது, தலைவலியோடு கண் மங்குவது, ரத்தப்போக்கோடு வயிறு கல்லாக இறுகுவது, பனிக்குட நீர் பச்சையாக வருவது, இவையும் அப்படித்தான். பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளவே கூடாது. முழங்காலிட்டு, மார்பைத் தரையோடு சாய்த்து, இடுப்பை உயர்த்தி வைத்தபடி 108-ஐக் கூப்பிடுங்கள்.

[படம்: பிறந்த குழந்தையின் மூளை]

சரி, ஆக்சிஜன் குறைந்து குழந்தை அழாமல் பிறந்தால்? பிறந்த முதல் நிமிடத்திலேயே மூச்சு வரவைக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் அதிலேயே தேறிவிடுகின்றன. சில குழந்தைகளுக்கு, மூச்சு வந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மூளைச் செல்களில் இரண்டாவது சுற்றுச் சேதம் தொடங்குகிறது. உடம்பு துவண்டு இருக்கும், பால் குடிக்காது. வலிப்பும் வரலாம், கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை. வாயைச் சப்புக்கொட்டுவது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசைப்பது, கண் ஒரே இடத்தில் நிற்பதுகூட வலிப்பாக இருக்கலாம்.

இந்தச் சேதத்தைக் குறைக்க, பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33–34 டிகிரி செல்சியஸில் வைக்கும் குளிர்விப்புச் சிகிச்சை பணக்கார நாடுகளில் பலன் தந்தது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிர்வித்த குழந்தைகளிடையேதான் இறப்பு அதிகம். அதனால் அதை டாக்டர்கள் முடிவு செய்யட்டும். வீட்டில் குளிரவைக்கவே கூடாது.

[காட்சி: வரைபடம்]

கடலூரிலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் புதுச்சேரி நகரத்தையே கடக்க வேண்டும். அரியாங்குப்பம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை. மாலை நேரத்தில் எவ்வளவு நெரிசல் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே, சிக்கல் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்திலேயே பிரசவத்துக்குச் சேருங்கள்.

அப்புறம், தயவுசெய்து அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். கிரகணத்தன்று வெளியே போனதால் இப்படி ஆவதில்லை.

[காட்சி: பிரசவக் குறிப்பு]

குழந்தையை மட்டும் வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், அம்மா பழைய வார்டிலேயே இருப்பார். கூடப் போகிறவர் பிரசவக் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பனிக்குடம் எப்போது உடைந்தது, குழந்தை எத்தனையாவது நிமிடத்தில் அழுதது, என்ன மருந்து கொடுத்தார்கள். அங்கே டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.