முதல் குறையாத கணக்கு: துவாலு நாட்டின் அறக்கட்டளை நிதி

வணக்கம் நண்பர்களே. காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். வரவு செலவையும் ஐந்தொகையையும் அக்கறையோடு பார்க்கும் நம் செட்டிநாட்டவர்கள், பசிபிக் பெருங்கடலில் உள்ள துவாலு தன் பொதுப்பணத்தைக் காக்கும் முறையை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

துவாலு 26 சதுர கிலோமீட்டர் நிலமும் ஏறக்குறைய 11,000 மக்களும் உடைய நாடு. 1978-இல் விடுதலை பெற்ற அந்நாட்டில் ஆஸ்திரேலிய டாலரே புழங்குவதால், பற்றாக்குறை வந்தால் நோட்டு அச்சடித்துச் சமாளிக்க வழியில்லை. ஆண்டுதோறும் பிரிட்டனின் மானியத்தை எதிர்பார்த்திருந்த நிலையை மாற்ற, 1987-இல் சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் துவாலு அறக்கட்டளை நிதி தொடங்கப்பட்டது. பெரும்பகுதியை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவை கொடுத்தன. துவாலுவும் தன் பங்காக 16 லட்சம் டாலர் போட்டது.

இதன் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. நிதியில் போட்ட முதல் தொகையின் மதிப்பு ஒவ்வோர் ஆண்டும் ஆஸ்திரேலிய விலைவாசி உயர்வுக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடப்படுகிறது. நிதியின் சந்தை மதிப்பு அந்தத் தொகையைத் தாண்டினால்தான், தாண்டிய பகுதி மட்டும் 'பி' கணக்கு என்னும் தனிக் கணக்குக்குப் போகும். அரசு அங்கிருந்துதான் எடுத்துச் செலவழிக்கலாம். நம் கோயில்களில் நூறாண்டுக்கு முன் எழுதிவைத்த கட்டளைகளை எண்ணிப் பாருங்கள்: முதல் தொகை ஒரு ரூபாய்கூடக் குறையாமல் இருந்தும், அதன் வட்டி இன்று ஒரு மாதத்து விளக்கெண்ணெய்க்கும் போதாமல் நிற்கிறது. தொகையைக் காப்பதும் அதன் மதிப்பைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்ததுதான் துவாலுவின் பெருமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

2008 உலக நிதி நெருக்கடியில் சந்தை சரிந்தபோது 'பி' கணக்குக்குப் பணம் போவது நின்றுபோயிற்று. நல்ல ஆண்டுகளில் முழுவதையும் செலவழிக்காமல் 'பி' கணக்கில் விட்டுவைத்த பணமே அப்போது கைகொடுத்தது. இயக்குநர் குழுவில் கொடையளித்த நாடுகளின் பிரதிநிதிகளும் அமர்வதால், எந்த ஒரு அமைச்சரும் தனியாக முதல் தொகையில் கைவைக்க முடியாது.

இந்தக் கட்டுப்பாடு இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு இன்னொரு பசிபிக் தீவு நாடான நவ்ரு சான்று. பாஸ்பேட் விற்றுக் குவித்த பெருநிதியைத் தவறான முதலீடுகளிலும் கடனிலும் அந்நாடு கரைத்தது. மெல்போர்னில் எழுப்பிய 52 மாடிக் கட்டடத்தையும் 2004-இல் விற்க நேர்ந்தது. தலைமுறைகளுக்கான புதிய நிதியை அது 2015-இல்தான் மீண்டும் தொடங்கியது.

துவாலுவின் வரவில் பெரும்பங்கு மீன்பிடி உரிமக் கட்டணம். சூரை மீன் கூட்டம் இடம் மாறினால் அந்த வரவும் ஏறி இறங்கும் என்பதால், உபரி வந்த ஆண்டுகளில் அரசு அறக்கட்டளை நிதியில் கூடுதலாகப் பணம் சேர்த்திருக்கிறது. 2015-இல் பாம் புயல் தாக்கிய பிறகு, பேரிடர்ச் செலவுக்கெனத் தனி நிதி ஒன்றையும் சட்டம் இயற்றி ஏற்படுத்தினார்கள். அவசரத் தேவையின் அழுத்தம் மூல நிதியின்மேல் விழாமல் விலக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கடல்மட்டம் உயர்ந்துவரும் ஒரு நாட்டில், அப்படி முதல் தொகையில் கைவைக்கத் தூண்டும் காரணங்கள் இனி ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும்.