வாசகரின் நேரம்

வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும் இங்கே கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த காலத்தில் வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. மற்ற நான்கையும் அறிஞர்களுக்கு விட்டுவிட்டு இந்த ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறேன். ஏனெனில், முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளோடும் வீட்டில் மூன்று தலைமுறையோடும் வாழ்ந்தபடியே படித்துவந்த எனக்குப் புத்தகம் கிடைக்காத நாள் மிகக் குறைவு, நேரம் கிடைக்காத நாள்தான் அதிகம்.

1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க அது வழிசெய்ததால்தான் எங்களைப் போன்றோரின் கைக்கெட்டும் தொலைவில் நூல்கள் வந்தன. படிக்கும் பொழுதைத் தருவதற்கோ எந்தச் சட்டமும் இல்லை. நேரம் இருப்பவர்கள் படிக்கிறார்கள், இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. எனக்கு வாய்த்த ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவர் தம் பொழுதிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

மாலையில் அலுவலகம் விட்டு இந்த நூலகத்துக்கு ஓடிவந்தால், என் பேருந்துக்குப் பத்து நிமிடம்தான் இருக்கும். அந்நாளில் இங்கிருந்த நூலகர், நான் கேட்டிருந்த நூலில் என் உறுப்பினர் எண் எழுதிய துண்டுத் தாளைச் செருகி, மேசை ஓரத்தில் எடுத்து வைத்திருப்பார். அலமாரி அலமாரியாகத் தேடும் அலைச்சலை அந்தத் துண்டுத் தாள் எனக்கு இல்லாமல் செய்தது. ஞாயிற்றுக்கிழமைச் சமையலை என் கணவர் ஏற்றுக்கொண்டார். அதையும் நன்றியோடு சொல்கிறேன்.

என் மாமியாரைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விளக்கு வைத்த நேரத்தில் நான் புத்தகத்தோடு உட்காருவது தொடக்கத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை. "வீட்டு வேலையை யாரு பாக்கறது?" என்று கேட்பார், அதில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் நான் செய்யாத வேலை அவர் தலையில்தான் விழுந்தது. பின்னர் கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணில் கட்டோடு படுத்திருந்த நாளில், "அதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு? கொஞ்சம் சத்தமாப் படியேன்" என்றார். முளைக்கீரையை ஆய்ந்துகொண்டே, மடியில் விரித்த நூலை அவருக்கு வாசித்தேன். கீரைத் தண்டின் ஈரம் பட்டு ஒரு பக்கத்தின் ஓரம் பச்சையாகிப் போனது. உலை கொதிக்கும் ஓசை கேட்டதும் பாதியில் மூடிவைத்து எழுந்தேன்.

மறுநாள் மாலை வீடு திரும்பியபோது, இரண்டு கட்டுக் கீரையும் ஆய்ந்து முறத்தில் இருந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு விரலால் தடவித் தடவியே அவர் ஆய்ந்திருந்தார். ஒரு பழுத்த இலைகூட அதில் இல்லை. காலடி ஓசை கேட்டுத் திரும்பி, "வேலை ஆயிடுச்சும்மா, நேத்து விட்ட இடத்துலேருந்து படி" என்றார்.